முகமில்லாத விருந்து அழைப்பு

1. சிவகாசிப் பெட்டி

காலை எட்டரை மணி. அச்சகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, என் மேஜை மேல் இருந்த அட்டைப்பெட்டியை. கட்டியிருந்த சணல் கயிறு அவிழ்ந்து தொங்கியது. உள்ளே வழவழப்பான கார்டுகள்: ரோஜாப்பூ, ஜோடி அன்னம், பொன்தூள் தூவிய குத்துவிளக்கு. எல்லாம் நாலு வண்ணம். ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் அடிக்க இடம் விட்டிருந்தார்கள்.

முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி பெட்டியின் மறுபக்கம் நின்றார்.

"பாரும் வே. சிவகாசியில இருந்து வந்திருக்கு. படமெல்லாம் அங்கனயே போட்டு அனுப்பிருதான். நாம பேர மட்டும் அடிச்சுக் குடுத்தா போதும்."

"அப்போ நான் எதுக்கு?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. நான் ஒரு படத்தை வெட்டி முடிக்கிற நேரத்தில் சிவகாசிக் கார்டில் பத்து வேலை முடியும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில் சொன்னார்: "சாரல் முடியுத வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உம்ம படத்துக்குன்னு ஒரு பெரிய ஆர்டராவது வரணும். வரலன்னா இந்த மேஜைய பைண்டிங்குக்குக் குடுத்துருதேன்."

அறுபதுகளின் தொடக்கம், ஆனி மாதம். தென்காசியில் எங்கள் அச்சகத்தில் காலால் மிதித்து அடிக்கும் ஒரு டிரெடில் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், அச்செழுத்துக் கேஸ்கள், ஜன்னலோரம் என் மேஜை. அதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில், படங்களுக்கு அச்சுக்கட்டை செய்யும் பிளாக் பிரிவில் இருந்தேன். தலைப்பு எழுத்து, வரைபடம், விளம்பரப் படம் எல்லாம் போட்டவன். அங்கே திரும்பிப் போக வழியில்லை. என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். இந்த மேஜை போனால் நான் எழுத்துக் கோக்க வேண்டும், அல்லது படம் போடுவதையே விட வேண்டும். இரண்டுக்கும் நான் தயாராக இல்லை.

2. அழுகிற பிள்ளை, முரண்டு பிடிக்கிற மாடு

அந்தக் காலத்து அழைப்பிதழில் படம் என்றால் தேய்ந்துபோன பிளாக்தான். பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம். சடங்குக்கும் அதுவே, கடைத் திறப்புக்கும் அதுவே. நான் படத்தை லினோவில் உளியால் வெட்டினேன். குற்றாலத்தில் பழைய பங்களாக்களைப் பழுது பார்க்கும்போது தரையில் ஒட்டியிருந்த லினோலிய விரிப்பைக் கிழித்துப் போடுவார்கள். அதை வாங்கி வந்து, அச்செழுத்தின் உயரத்துக்கு மரக்கட்டையில் ஒட்டிக்கொள்வேன். சாரல் காலத்தில் லினோ விறைத்துப் போகும். இளக வைக்க வெயிலும் இருக்காது. எதிர் டீக்கடை அடுப்பருகில் கொண்டுபோய்க் காட்டுவேன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு முறுகலா, சாதாவா?" என்பார் டீக்கடைக்காரர்.

பத்திரிகை வேலை எனக்குக் கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. நேரில் போய்ப் பார்க்காமல் படம் போடுவதில்லை. காதுகுத்து அழைப்பு ஒன்றுக்காக இலஞ்சி முருகன் கோயிலில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தேன். தாய்மாமன் மடியில் ஒரு பிள்ளை வாயைப் பிளந்து அழுதது. கையில் இருந்த சீனி மிட்டாயை மட்டும் விடவில்லை. அதையே வெட்டினேன். புதுமனை புகுவிழா ஒன்றுக்கு, வாசற்படி ஏற மறுத்த பசுமாட்டையும் அதைப் பின்னாலிருந்து தள்ளிய மூன்று மாமாக்களையும் போட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு முழுக்க முகங்களில் இருந்தது, மாட்டின் முகம் உட்பட. என் கைவசம் இருந்த சரக்கு அது ஒன்றுதான்.

3. "கையில எடுத்தா சிரிப்பு வரணும்"

பெட்டி வந்த அடுத்த வாரம் மைதீன் பாய் வந்தார். தறி வைத்துக் கைலி நெய்து, கொல்லம் வரை அனுப்புகிற வியாபாரி. ஒவ்வொரு சாரலுக்கும் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்து நெசவாளர், கடைக்காரர், கூட்டாளிகள் எல்லோருக்கும் விருந்து வைப்பார். காலையில் அருவிக் குளியல், மதியம் நெய்ச்சோறும் கறியும். சைவக்காரர்களுக்குத் தனி அடுப்பு. வழக்கமாக ஆள்விட்டுச் சொல்வதுதான். அந்த வருஷம் மகளைக் கொல்லத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வருகிறார்கள். அதனால் அச்சடித்த அழைப்பு வேண்டும் என்றார்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து ரோஜாப்பூக் கார்டை நீட்டினார்.

பாய் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம சைக்கிள் கடக்காரன் போன வாரம் கட தொறந்தாம்லா, அவனும் இதே பூவத்தான் குடுத்தான். என் சம்மந்தி என்ன பஞ்சர் ஒட்டவா வாராரு?"

நான் எழுந்து போனேன். "பாய், நான் வரைஞ்சு தாரேன்."

"வரையும் தம்பி. ஆனா உருவம் வேண்டாம். ஆளு, மாடு, குருவி ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாக."

"சரி."

"அதுக்காக வெறப்பாவும் இருக்கப்படாது. இது விருந்து. கையில எடுத்தா சிரிப்பு வரணும்."

"மூஞ்சி இல்லாம எப்படி வே சிரிப்பு வரும்?" என்றார் அண்ணாச்சி.

"அது உங்க ஆர்ட்டிஸ்ட் பாடு."

பாய் போனதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "பெரிய ஆர்டர் வேணும்னேன், வந்துட்டு. இதக் கோட்ட விட்டுட்டீர்னா அப்புறம் நானே நெனச்சாலும் மேஜைய வச்சுக்க முடியாது, பாத்துக்கிடும்."

4. படியோரம்

மறுநாள் முதல் பஸ்ஸில் குற்றாலம் போனேன். பேரருவியில் கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர்கள், தேய்த்துக்கொள்கிறவர்கள், தண்ணீருக்குள் போகப் பயந்து பல் கிட்டி நிற்கிறவர்கள். ஒரு முகத்தையும் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். செருப்புகள் தெரிந்தன.

படியோரம் முழுக்கக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக வைத்த தோல் செருப்பு, ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்பு, ஓட்டத்தில் கழற்றியதால் திசைக்கு ஒன்றாகக் கிடந்த ஒரு ஜோடி, கவிழ்ந்து கிடந்த குழந்தைச் செருப்பு. யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு அவசரம், யார் யாரோடு வந்தார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருந்தது. உட்கார்ந்து வரைந்தேன்.

அருவியை லினோவில் போடுவது எளிது என்று அப்போதுதான் கண்டேன். லினோவில் வெட்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக விழும். ஆகவே தண்ணீரை வரைய வேண்டியதில்லை. பாறையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டால் தண்ணீர் தானாக விழும். மேலே அருவி, கீழே அதைப் பார்த்தபடி செருப்பு வரிசை. வெட்டி முடித்துக் கொடுத்தேன். மெஷின்மேன் பேச்சிமுத்து ஒரு தாளில் புரூஃப் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"இந்தக் குட்டிச் செருப்பு கவுந்து கெடக்கே அண்ணாச்சி, என் மவன் கழத்திப் போட்ட மாதிரியே இருக்கு."

முகம் இல்லாமல் சிரிப்பு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

5. புரூஃப்

மைதீன் பாய் சிரிக்கவில்லை. புரூஃபை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, நான் சோத்துக்குக் கூப்பிடுதேன். நீரு செருப்பக் காட்டுதீரு."

"பாய், அது குளிக்கப் போறவங்க கழத்தி விட்டது..."

"அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கொல்லத்துல ஒறையப் பிரிக்கவருக்குத் தெரியுமா? என் வீட்டுல இருந்து சம்மந்திக்கு மொத மொதல்ல போறது செருப்பா? அவுக வீட்டுப் பொம்பளைங்க சும்மா விடுவாகளா? என் மவ அங்கன இருந்து பொழைக்க வேண்டாமா?"

செருப்பைக் காட்டுவதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாததல்ல. படியோரம் அவை எனக்கு வெறும் வடிவங்களாகிவிட்டன. முகத்தைத் தவிர்ப்பதிலேயே குறியாக இருந்தவன், கார்டு யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி பெட்டியை இழுத்தார். "பாய், ரோசா வேண்டாம்னா இதுல பூச்சட்டி ஒண்ணு இருக்கு. நல்ல அயிட்டம்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுங்க," என்றேன்.

அண்ணாச்சி பாயைப் பார்த்தார். பாய் கவிழ்ந்திருந்த புரூஃபை என் பக்கம் தள்ளினார்.

"ஜும்மா முடிஞ்சு வாரேன். அன்னைக்கும் சரியில்லன்னா பூச்சட்டிதான். சம்மந்தி பஞ்சர் ஒட்டிட்டுப் போட்டும்."

6. மாடியிலிருந்து

மறுபடியும் குற்றாலம். இந்த முறை குனிந்து பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். கடைத்தெருவில் ஒரு விடுதிக்காரரிடம் கேட்டு, மாடியில் ஏறி நின்றேன். அருவிக்குப் போகிற தெரு முழுவதும் கீழே தெரிந்தது. வெறும் தலைகள். மொட்டைத் தலை, ஈரத்தலை, துண்டு கட்டிய தலை. தலையும் உருவம்தான், அது உதவாது. வெகுநேரம் நின்றேன். விடுதிக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கியது. தெருவில் ஒரு குடை விரிந்தது. அடுத்து பத்து. பிறகு தெருவே குடையாகிவிட்டது. ஒரு முகமும் இல்லை, ஒரு தலையும் இல்லை.

பென்சிலை எடுத்தேன். ஒரு பெரிய குடை யாருக்கும் வழிவிடாமல் நடுவில் போனது. இரண்டு குடைகள் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. உள்ளே ரகசியம் பேசுகிறார்கள். ஒன்று காற்றில் மேல்நோக்கி மடங்கிக் கிண்ணம் போல ஆனது. ஒன்று கிழிந்து ஓட்டைகளோடு போனது. குடை இல்லாத ஒருவர் வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார். இன்னொருவர் பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். யார் எப்படிப்பட்டவர் என்பது மேலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

வரைந்து முடித்ததும், இதைக் கொல்லத்தில் ஒருவர் உறையிலிருந்து உருவினால் என்ன நினைப்பார் என்று கேட்டுக்கொண்டேன். மழையிலும் புறப்பட்டு வருகிறவர் விருந்தாளி. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

படத்தின் நடுவில் ஆவி பறக்கும் பெரிய செம்புச் சட்டி. நாலு மூலையிலிருந்தும் அதை நோக்கி வருகிற குடைகள். அவ்வளவுதான் அமைப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் வெட்டி முடித்தேன். அடுத்த தகராறு மையில் வந்தது. குடை என்றால் கறுப்பு. ஆனால் கறுப்பு மை மட்டும் போட்டு அடித்தால் எங்கள் தொழிலில் அது கருமாதிப் பத்திரிகை. பச்சை போடச் சொன்னேன்.

"பச்சக் குடைய எங்கன பாத்தீரு?" என்றான் பேச்சிமுத்து.

"சாரல்ல எல்லாமே பச்சதான். ரோலரக் கழுவு."

7. ஓட்டைகள்

வெள்ளிக்கிழமை மதியம் பாய் வந்தார். புரூஃபை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அண்ணாச்சி பூச்சட்டிக் கார்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

"இது யாரு, இம்புட்டுப் பெரிய குடை?" என்றார் பாய்.

"யாராவும் இருக்கலாம் பாய்."

"யாராவும் இல்ல. இது எங்க சம்மந்தி. அவுக குடைதான் இம்புட்டு இருக்கும்." விரல் நகர்ந்தது. "இது ரெண்டும் என் மச்சானும் அவன் கூட்டாளியும். எப்பவும் குசுகுசுப்புதான். இந்த வாழையில பாவூர்சத்திரத்துக் காய்கறிக்காரன், சந்தேகமே இல்ல." அவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். "இந்தக் கிழிஞ்ச குடை கோமதிநாயகம் அண்ணாச்சிலா?"

"ஏன் வே, நான் என்ன அம்புட்டுக் கஞ்சனா?"

"தீவாளிக்குத் தந்த போனசப் பாத்தா அப்படித்தான் தெரியுது," என்று மெஷின் பக்கமிருந்து பேச்சிமுத்துவின் குரல் வந்தது.

"ஏலே, வேலையப் பாரு."

பாயின் சிரிப்பு அங்கேயே நின்றது. கிழிந்த குடையைக் கண்ணருகில் கொண்டுபோனார். "இதுல ரெண்டு ஓட்டை இருக்குலா. கண்ணு மாதிரி முழிக்குது."

பார்த்தேன். முழித்தது. நான் கவனிக்கவே இல்லை.

"அடச்சிரும்," என்றார்.

"அடைக்க முடியாது பாய். லினோவுல வெட்டுனது வெட்டுனதுதான்."

"அப்போ?"

அண்ணாச்சியின் கை பூச்சட்டியை நோக்கிப் போனது.

"இன்னும் வெட்டுதேன்," என்றேன்.

"ஒண்ணு வெட்டுனா அது வாயாயிரும்," என்றான் பேச்சிமுத்து. அவன் சொன்னது சரி.

கட்டையை மெஷினிலிருந்து கழற்றி வாங்கினேன். லினோ குளிர்ந்து விறைத்திருந்தது. டீக்கடைக்குப் போக நேரமில்லை. உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்துக் கொஞ்சம் இளக்கினேன். பாய் நின்றுகொண்டே இருந்தார். இருந்த இரண்டு ஓட்டைகளைச் சுற்றி, சமமாக இல்லாமல், மூன்று ஓட்டைகள் வெட்டினேன். உளி வழுக்கினால் குடையே போயிருக்கும். வழுக்கவில்லை. பேச்சிமுத்து மறுபடி மை தடவி ஒரு புரூஃப் எடுத்தான்.

பாய் அதைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப சல்லடை," என்றார். "அடியும்."

விருந்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. கொல்லத்துச் சம்பந்தி கார்டைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பாயிடம் அதை விரித்துக் காட்டி, தன் குடையைத் தேடியபடி மலையாளத்தில், "இதில் எண்டெ குட ஏதா?" என்று கேட்டார். பாய் பெரிய குடையைக் காட்டவில்லை. ஓடுகிற வாழையிலையைக் காட்டினார். சம்பந்தி ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு போடும் வரை அந்த வழக்கு நடந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. படத்தை மேஜையிலிருந்து பார்க்காதீர்கள், உறையைப் பிரிக்கிறவர் கையிலிருந்து பாருங்கள். வெட்டியது தப்பாகிவிட்டால் ஒட்டப் பார்க்காதீர்கள். அது வேறொன்றாகும் வரை வெட்டுங்கள்.

ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புளியறையிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் பாயின் குடைக் கார்டு. மகனுக்குக் காதுகுத்து. படத்தில் யார் முகமும் வேண்டாம் என்றார். அண்ணாச்சி அவரை ஜன்னலோரம் என் மேஜைக்கு அனுப்பினார்.