கொழும்புக் காகத்துக்கு ஒரு பிடி சோறு

எங்கள் வீட்டில் யாராவது கொழும்புக்குப் போகிறார்கள் என்றால் கையில் ஒரு ஃபைல் இருக்கும். கடவுச்சீட்டு, தூதரகம், பெரியாஸ்பத்திரி, விமான நிலையத்தில் ஆளை ஏற்றிவிடுவது, இவ்வளவுதான் கொழும்பு. அம்மா கடைசியாகப் போனது அண்ணையை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட. அதற்குப் பிறகு பருத்தித்துறையிலிருந்து தினமும் புறப்படுகிற கொழும்பு பஸ்ஸை அவர் திரும்பியும் பார்த்ததில்லை.

அதனால், சனி ஞாயிறு ரெண்டு பேரும் கொழும்புக்குப் போய்ச் சும்மா சுற்றிவிட்டு வருவோமா என்று நான் கேட்டபோது, அம்மாவின் தையல் மெஷின் நிற்கவில்லை.

"சும்மாவோ?" என்றார் அம்மா.

சும்மா இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கொழும்பில் ஒரு சிறிய கம்பனி எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மூன்று மொழியில் பெயர்ப்பலகை வடிவமைக்கிற வேலை. கம்பஸ் முடித்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை அதுதான். எழுத்து என்றால் எனக்கு விசர். போகிற வழியில் ஒரு பலகையைக் கண்டால் நின்று படம் எடுக்காமல் நகரமாட்டேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அப்பாவைக் கேட்டால், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே, அம்மா ஓமெண்டால் ஓம் என்றார். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு கதை கதைத்தார்.

"வந்து பாருங்கோ அம்மா. பாத்திட்டு வேண்டாம் எண்டால் நான் பிறகு வாயே திறக்கமாட்டன்."

"நீயோ? வாய் திறக்காமலோ?"

ஆனால் மெஷின் நின்றது. எந்தச் சேலை கொண்டுவருவது என்று கேட்டார்.

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் இரண்டு நாளைக்கு ஒரு வீடு எடுத்தேன். சமைக்கக் குசினி இருக்கிறது, பல்கனி இருக்கிறது, எட்டிப் பார்த்தால் கடல். சனி மத்தியானம் நண்டுக்குப் பேர்போன ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை. பின்னேரம் காலிமுகத்திடல். கொழும்பின் மிகச் சிறந்த பக்கங்களை வரிசையாகக் காட்டினால் அம்மா எப்படி வேண்டாம் என்பார்? எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

இரவு பஸ் விடிய வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. வீட்டுக்குள் வந்ததும் அம்மா தன் பையை மேசையில் கவிழ்த்தார். வழிக்குக் கொண்டுவந்த தட்டைவடையின் மிச்சம், ஒரு போத்தல் நல்லெண்ணெய், வாழையிலைத் துண்டுகள், கறுப்புத் துணியில் முடிந்த எள்ளுப் பொட்டலம்.

எள்ளைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. புரட்டாசிச் சனி.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பார்கள். அன்றைக்கு வீட்டில் மீன் மணமே இருக்காது. மத்தியானம் சமைத்து, முதல் பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் விரதக்காரர் சாப்பிடலாம். காகம் சனீஸ்வரனின் வாகனம். அண்ணைக்கு ஏழரைச் சனி என்று சாத்திரி சொன்னதிலிருந்து அம்மா அண்ணையின் பெயரில் இந்த விரதத்தை விடாமல் பிடிக்கிறார். கடல் தொழில் செய்கிற வீட்டில் மீனில்லாத நாள் மறக்கிற நாளல்ல. நான் மறந்துவிட்டேன். அதுவும் நண்டுக்கு மேசை போட்டு மறந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, அதைவிட மோசம், சிரிப்பு வந்தது.

"எங்கடை கடல் நண்டைத் தின்ன நான் விடிய விடிய பஸ்ஸிலை கொழும்புக்கு வரவேணுமோ பிள்ளை?"

மேசை போனது. திட்டத்தை மாற்றுவதிலும் எனக்குக் குறையில்லை. குளித்துவிட்டுக் கோவிலில் எண்ணெய் எரித்தோம், அப்படியே சந்தைக்குப் போனோம். அங்கே அம்மாவைப் பார்க்கவேண்டும். கத்தரிக்காயை உள்ளங்கையில் உருட்டி, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, விற்கிறவர் எங்கள் பக்கத்துச் சாவகச்சேரி ஆள் என்று கண்டுபிடித்து, இந்த முருங்கைக்காய் எங்களோடுதான் பஸ்ஸில் வந்திருக்கும், டிக்கெட் எடுத்ததோ என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போட்டார். நான் மனதுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொண்டேன். கொழும்புக்கு ஒன்று.

மத்தியானத்துக்குள் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளம். அம்மா இலைத்துண்டில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

பல்கனி முழுக்க வலை. புறா வராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை இறுக்கி அடித்திருந்தார்கள். காலையில் அதற்கூடாகக் கடலைப் பார்த்து, வடிவு வடிவு என்று நான் படம் எடுத்திருந்தேன். வலை கண்ணில் படவில்லை. அம்மா அதை விரலால் சுண்டிப் பார்த்தார். வலைக்கு அப்பால், கைப்பிடிச் சுவரின் விளிம்பில் ஒரு காகம் வந்து குந்தி, எங்கள் சோற்றைப் பார்த்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். அது போய்விட்டது.

"ஒரு காகம் வர வழியில்லாத இடம்," என்றார் அம்மா. "இதுக்குள்ளை நீ என்னெண்டு இருப்பாய்?"

"நான் காகமில்லை அம்மா."

அவர் சிரிக்கவில்லை. இலையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, இத்தனை நாளும் சொல்லாததைச் சொன்னார்.

"அண்ணையும் முதலிலை ரெண்டு நாள் அலுவல் எண்டுதான் கொழும்புக்கு வந்தவன், பிறகு நானே வந்து பிளேன் ஏத்திவிட வேண்டியதாப் போச்சு. இஞ்சை வந்த ஆர் பிள்ளை திரும்பி வீட்டை வந்தது?"

எனக்குக் கெதியாகப் பதில் வரும். வழக்கத்தில் அதுதான் என் பிரச்சினை. அன்றைக்கு ஒரு மூச்சு விட்டுத்தான் சொன்னேன்.

"அண்ணை பிளேன் ஏற வந்தவர். நான் பலகை எழுத வாறன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் சனி விடிய உங்கடை குசினியிலை நிப்பன். போதும், போடி எண்டு நீங்கள் சொல்லுமட்டும் வருவன்."

அதற்கும் அம்மா ஓம் சொல்லவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் இளகியது போலிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காலையிலிருந்து தேத்தண்ணி மட்டும்தான்.

பக்கத்துப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வலைக்கூடாக எல்லாவற்றையும் கேட்டிருக்கவேண்டும். காகத்துக்கு வைக்கிறதெண்டால் கீழை கடற்கரைக்குப் போங்கோ, இண்டைக்கு எல்லாரும் அங்கைதான் என்றார்.

சோற்றோடு ஒரு அப்பளத்தையும் வைத்து இலையை மடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினோம். கடலோர வீதியைக் கடந்து, ரயில் ஒன்று போகும்வரை நின்று, தண்டவாளத்தைத் தாண்டினால், அம்மா வாயில் கைவைத்தார். கருங்கற்களின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெண்கள். எல்லார் கையிலும் இலை. எல்லாரும் வானத்தைப் பார்த்து, வெவ்வேறு சுருதியில் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கதைப்பதைக் கேட்டாலே ஊர் தெரிந்தது. ஒருவர் எங்களுக்குக் கல்லில் இடம் விட்டு, எந்தப் பக்கம் என்று அம்மாவை விசாரித்தார்.

காகங்களுக்குப் பஞ்சமில்லை. பசிக்குத்தான் பஞ்சம். ஒவ்வொரு கல்லிலும் பருப்புச் சோறு கிடந்தது. கொழுத்த காகங்கள் ஒரு விருந்திலிருந்து எழும்பி அடுத்த விருந்துக்கு நடந்துகொண்டிருந்தன. எங்கள் சோற்றுக்குக் கிட்ட வந்த ஒன்று, அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, காலிமுகத்திடல் பக்கமாகப் பறந்தது.

"உதுகள் பசி தெரியாத காகங்கள்," என்றார் அம்மா. ஊரில் அவர் குரல் கேட்டால் முற்றத்துக் காகங்கள் அடிபட்டுக்கொண்டு வரும். இங்கே கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இலையை என்னிடம் நீட்டினார். "இந்தா. நீ வை."

நான் ஒருநாளும் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. வீதியில் காதில் வயரோடு ஓடுகிற ஆட்களைப் பார்த்தேன், பிறகு பார்ப்பதை விட்டேன். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றுக்கு மேலே தூவி, கடைசிக் கல்வரை போய் வைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்றேவிட்டார். எனக்குப் பின்னால் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

கழுத்து மெலிந்த ஒரு காகம் இறங்கியது. முதலில் அப்பளம். பிறகு சோறு. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் சோறு.

அன்றைக்கு ஐந்தாம் மாடியில் நிலத்தில் சம்மணம் போட்டிருந்து நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு எந்த நண்டும் கிட்ட வராது. வேலையைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. பின்னேரம் காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறவர்களைப் பார்த்துவிட்டு, காற்று நல்லாயிருக்கு, கடலுக்கு எங்கடை நிறம் இல்லை என்றார். ஞாயிறு காலை இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். இறால் கொஞ்சம் வாடல் என்றார், இரண்டு சாப்பிட்டார்.

மாலையில் ஊருக்குத் திரும்பும் பஸ் காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது. யன்னலோரம் அம்மா. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடைப் பலகைகளின் எழுத்துகளைப் பார்த்தபடி இருந்தேன். அம்மாவும் எதையோ விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். கடைகளை அல்ல. அதற்கும் மேலே, மாடிகளை. ஓரிடத்தில் என் முழங்கையில் தட்டினார்.

"அந்தா, அந்த மஞ்சள் கட்டிடம். மூண்டாம் மாடி. அதிலை வலை இல்லை."

"அதுக்கு என்னம்மா?"

"அப்பிடி ஒரு வீடாப் பார்," என்றார் அம்மா, கண்ணை மாடிகளிலிருந்து எடுக்காமலே. "வாற புரட்டாசிக்கும் கடற்கரையிலை நிண்டு கத்தப்போறியே?"