பெயரைக் கேட்டதற்கும் தலையாட்டியவர்

கள்ளக்குறிச்சிப் பக்கம், பட்டா மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் உதவியாளர். இரு தரப்பையும் உள்ளே கூப்பிடுவது, அவர்கள் சொல்வதை வாக்குமூலமாக எழுதுவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. இரு தரப்புக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நாற்காலியைச் சமமாகப் போட்டுவிட்டால் அது முடிந்துவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு நினைப்பு.

அன்றைக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவர் உழுதுகொண்டிருந்த நிலத்தின் பட்டா, அண்ணன் மகன் பெயருக்கு மாறிவிட்டது. அதை எதிர்த்துத்தான் மனு. அண்ணன் மகன் வக்கீலோடு வந்திருந்தான். பெரியவர் தனியாக உட்கார்ந்தார்.

"உங்க பேர் சொல்லுங்க" என்றார் அதிகாரி. பெரியவர் தலையாட்டினார். பெயர்தான் மனுவிலேயே இருக்கிறதே என்று அதிகாரி அடுத்ததற்குப் போய்விட்டார்.

"பட்டா மாத்துறதுக்கு முன்னாடி உங்களுக்கு நோட்டீஸ் வந்துச்சா?"

அதற்கும் தலையாட்டல். வக்கீல் எழுந்துவிட்டார். "நோட்டீஸ் வந்ததை ஒத்துக்கிறார் சார். பதிவு பண்ணிக்கணும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "சார், இவருக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன்."

"ஆமான்னு தலையாட்டுறாரே, எழுதுங்கம்மா. மத்தியானம் மீட்டிங் இருக்கு."

"பேரைக் கேட்டதுக்கும் தலையாட்டினார் சார்."

அதிகாரி என்னை முறைத்தார். நான் எழுந்து வெளியே போய், பெரியவரோடு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். வராந்தாவில் நின்ற ஒரு பெண் ஓடி வந்தாள். அவர் மகள்.

"காலையில இருந்து சொல்லிக்கினு கீறேங்க, எங்கப்பாவுக்குக் காது கேக்காது, நான் கூட இருந்தாதான் ஆவும்னு. மனுதாரர் மட்டும்தான் உள்ளன்னுட்டு என்ன வுடவே இல்ல."

வாசலில் நின்ற ஊழியரை நான் என்ன சொல்ல? மனுதாரர் தவிர யாரையும் விடாதே என்று அவருக்குச் சொல்லி வைத்ததே நாங்கள்தான்.

அவளை உள்ளே அழைத்துப் போனேன். "இவங்க தரப்பே இல்ல சார், சொல்லிக் குடுப்பாங்க" என்றார் வக்கீல். அதிகாரி கோப்பை மூடினார். "தள்ளி வைங்க. வேற தேதி குடுங்க."

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் மேல் பாய்ந்தாள். "இன்னா மேடம் இது? கேக்கலன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் இன்னொரு நாள் வாங்கன்றீங்க. மரவள்ளி புடுங்குற வேலைய வுட்டுட்டு வந்துகீறேன். சாயங்கால பஸ்ஸ வுட்டா வூட்டுக்கு எப்படிப் போறது?"

அவளுக்காகப் பேசப் போய் அவளுடைய நாளைத்தான் வீணாக்கியிருந்தேன்.

அடுத்த தேதிக்குள் அதிகாரி மாற்றலாகிவிட்டார். அதை மலைக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவும் மகளும் வந்து, பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்று நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் கேள்விப்பட்டு யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

புதிதாக வந்த அதிகாரி ஒரு பெண். வழக்கைக் கூப்பிடும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வக்கீல் பழையபடி எழுந்தார். "ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுங்க, உத்தரவுல அதுக்குப் பதில் சொல்றேன்" என்றார் அதிகாரி. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மகள் ஒவ்வொரு கேள்வியையும் அப்பாவின் காதில் கத்திச் சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்காத பெரியவர், அறை அதிரப் பதில் சொன்னார்.

"நோட்டீஸா? எங்கிட்ட ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கல! எங்கண்ணன் மவன் தெனம் எங்கூட்டு வழியாத்தான் போறான். அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அண்ணன் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவர் சொன்னபடியே எழுதினேன். எழுதியதை மகள் படித்து அவர் காதில் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கினேன்.

உத்தரவு வந்தது. நோட்டீஸ் தராமல் மாற்றிய பட்டா ரத்து. தாலுகா அலுவலகம் மறுபடி விசாரிக்க வேண்டும். நகல் வாங்க வந்த மகள் கேட்டாள். "அப்ப ஜெயிச்சிட்டமா?"

"பழைய உத்தரவு போச்சு. ஆனா அங்க மொதல்லேர்ந்து விசாரிப்பாங்க."

"மொதல்லேர்ந்தா? அங்க கேக்காதுன்னு யாருகிட்ட சொல்றது?"

இனி எங்கள் நோட்டீஸிலேயே 'துணைக்கு ஆள் தேவையா' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தேன். 'பேசவும்' என்ற ஒரே சொல்லோடு அது திரும்பி வந்திருந்தது. பேசப் போன போதெல்லாம் மீட்டிங்.

அவள் எதிரிலேயே தாலுகா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெரியவருக்குக் காது கேட்காது, மகளைக் கூடவே உட்கார வையுங்கள் என்று சொன்னேன்.

"வரட்டும் மேடம், பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள்.