கிணற்றுப் பக்கம்

தனசு அண்ணனின் பாடையைத் தூக்கியதும் நீலகிரித் தைலம் மணத்தது. ஃபுட்பால் ஆடும் நாட்களில் அவர் தேய்த்துக்கொள்வதுபோலவே, பழைய ரசிகர் யாரோ அவர் கால்களில் தேய்த்திருந்தார். தெருமுனையில் ஒரு பெரியவர் மறித்தார். "ரோட்டு வழியா இன்னாப்பா? கிரவுண்டு வழியா தூக்கு. லெஃப்ட் சைடு." அந்தப் பக்கம்தான் கிணறு. என் கண்கள் தானாக மூடிக்கொள்ளப் பார்த்தன.

சின்ன வயதிலும் இப்படித்தான். குருவிநத்தத்தில் எங்கள் மைதானத்தின் இடது கோட்டை ஒட்டியே அந்தக் கிணறு. இன்றைக்கும் அதற்குச் சுவர் கிடையாது. பந்து அங்கே போனால் வெளியூர்க்காரர்கள் நின்றுவிடுவார்கள். இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட்டாக ஆடிய தனசு அண்ணன் மட்டும் விளிம்பிலேயே ஓடுவார். தைல வாசனை எங்களைக் கடக்கும்போது நான் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். வில்லியனூர் டீமோடு ஆடிய அன்று தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. கூட்டம் மூச்சுவிடவில்லை.

"கண்ணத் தொறடா. மண்ணுதான் வுழுந்துது. அவன் பந்த போஸ்ட்டுக்குள்ள தூக்கி அடிச்சிட்டான், கோலு" என்றார் அப்பா.

ஆட்டம் முடிந்ததும் அண்ணனிடம் போனேன். "பயமா இல்லியாண்ணா?"

அவர் கிணற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எனுக்கு நீச்சலே தெரியாதுடா. எவன்கிட்டயும் சொல்லிடாத."

பாடை கிணற்றை நெருங்கியது. "பயம்னா இன்னான்னே தெரியாத ஆளுப்பா" என்றார் அந்தப் பெரியவர். கிணற்றுப் பக்கம் தூக்கியவரிடமிருந்து தோள் மாற்றிக்கொண்டு, கண்ணை மூடாமல் நடந்தேன்.