கலாதேவி பிழிந்த லிமாவ்

லிமாவ் கஸ்தூரியைக் கலாதேவி தோலோடு சேர்த்து நசுக்கித்தான் பிழிவாள். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய பச்சை எலுமிச்சை வகை அது. ஆரஞ்சு நிறச் சாற்றில் புளிப்புத்தான் மிகுதி. மணமெல்லாம் தோலில் ஊறிய எண்ணெயில் இருக்கிறது. மலேசியாவில், ஈப்போ நகரின் குனோங் ராபாட்டில் அவளுடைய தண்ணீர்க்கடை முன்னால் மோட்டார்சைக்கிள்கள் நின்றதே அந்த மணத்துக்காகத்தான். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் ஈப்போவுக்கு வந்தாள். பல வருடத் தொழிற்சாலை வேலைக்குப் பிறகு தனக்கென்று போட்ட கடை இது.

கோவிட் காய்ச்சல் விட்டுக் கடை திறந்த அன்று முதல் பழத்தைப் பிழிந்தாள். மணம் வரவில்லை. நாக்கில் வைத்தாள். வெறும் புளிப்பு.

"பழம் கெட்டுப்போச்சா பாருங்க" என்று கணவன் கோகிலனிடம் நீட்டினாள்.

"கமகமன்னுதான் இருக்கு லா."

கிளினிக்கில் டாக்டர் சரளா பொறுமையாகச் சொன்னார். "புளிப்பு, இனிப்பெல்லாம் நாக்கு கண்டுபிடிச்சிரும். இது எலுமிச்ச, இது கஸ்தூரின்னு பிரிச்சு சொல்றது மூக்கு. அங்கதான் அடிபட்டிருக்கு."

"வைட்டமின் சி இருக்குன்னு தெனமும் ரெண்டு கிளாஸ் குடிக்கிறேனே டாக்டர்?"

"குடிங்க, உடம்புக்கு நல்லது. வாசம் அதனால திரும்பி வராது. காலையில அந்தத் தோல மோந்து பழகுங்க. எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

கலாதேவி தினமும் கண்ணை மூடி முகர்ந்தாள். காற்றுத்தான் போய் வந்தது. ஒருநாள், வழக்கமாக வரும் உடையப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "அக்கா, நேத்து சாறா? ஊசிப்போன வாடை வருதே." அவள் குடித்துப் பார்த்தாள். அவளுக்குப் புளிப்பும் சர்க்கரையும் சரியாகவே இருந்தன. மொத்தத்தையும் சாக்கடையில் ஊற்றினாள். அன்று மதியமே கடையைச் சாத்தினாள்.

மழைக்காலம் முடியும்போது மணம் திரும்பியது. ஆனால் பழத்தை நசுக்கியதும் எழுந்தது, ரப்பர் தோட்டத்தில் சாக்குச் சாக்காகக் கிடந்து அழுகும், உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலின் நாற்றம். வாந்தி எடுத்துவிட்டுக் கோகிலனைக் கூப்பிட்டாள். அவன் முகர்ந்தான், அவனுக்குப் பழைய மணமே வந்தது; அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான்.

"நரம்பு திரும்ப முளைக்கறப்ப தப்பா சேர்ந்துருச்சுன்னா இப்படி ஆகும்" என்றார் டாக்டர். "சரியாகலாம். சிலருக்கு ரொம்ப நாள் இழுக்கும்."

"லிமாவ விட்டுடு கலா. தே தாரிக் போடு போதும்" என்றான் கோகிலன். ஒரு வாரம் அந்த ஆற்றிய பால் டீயை மட்டும் போட்டுப் பார்த்தாள். வந்தவர்கள் லிமாவ் இல்லையா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

இப்போது லாரி ஓட்டப் போகுமுன் கோகிலன்தான் ஒரு ஜாடி பிழிந்து வைக்கிறான். அது தீர்ந்தபின் வருகிறவர்களுக்கு அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு பிழிகிறாள்.

"இந்த வாசத்துக்கே வரலாம்க்கா" என்றாள் நேற்று ஒரு பெண், கிளாஸை மூக்கருகே வைத்தபடி.

"குடிம்மா" என்றாள் கலாதேவி, ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு.