ஸ்டிக்கர் மாறிய வகுப்பு

பூங்குழலிக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பாதி, நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையிலேயே கழிந்தது. வேலை செய்துகொண்டே அஞ்சல்வழியில் ஆங்கிலம் படித்து முடித்தாள். சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் சூப்பர்வைசர்கள் வாயடைத்து நிற்பதைப் பார்த்த முதலாளி சென்னியப்பன், அவளையே பாடம் நடத்தச் சொன்னார். சரிப்பட்டால் அதுவே நிரந்தர வேலை.

வகுப்பு நடந்தது கட்டிங் மேஜையில். அது கட்டிங் மாஸ்டர் சசிகுமாரின் ராஜ்ஜியம்.

"இங்கிலீசு அம்மிணி வந்தாச்சு, எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்பார்.

"நீங்க உக்காருங்க மாஸ்டர். உங்களுக்கு ஏபிசிடியில இருந்து தொடங்கோணும்" என்பாள் அவள்.

அன்றைய பாடம் ஜோடிச் சொற்கள். 'ஐதர்' வந்தால் பின்னால் 'ஆர்', 'நைதர்' வந்தால் 'நார்'. சூப்பர்வைசர்கள் விழித்தார்கள். பூங்குழலி மேஜையிலிருந்த துணித் துண்டுகளை எடுத்தாள். ஒரே துணிச் சுருளில் வெட்டிய டீசர்ட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே எண் ஸ்டிக்கர் இருக்கும். சுருளுக்குச் சுருள் சாயம் லேசாக மாறும் என்பதால் எண் பார்த்துத்தான் தைப்பார்கள்.

"சொல்லும் அப்படித்தானுங்க. முன்னால இந்த நம்பர்னா பின்னாலயும் இதே நம்பர்."

தப்பு ஜோடி எப்படியிருக்கும் என்று காட்ட ஸ்டிக்கர்களை உரித்து மாற்றி ஒட்டினாள். எல்லோருக்கும் புரிந்தது. மணி அடித்தது. கலைந்து போனார்கள். ஸ்டிக்கரைத் திரும்ப மாற்ற அவள் மறந்துவிட்டாள்.

மறுநாள் தைத்து வந்த டீசர்ட்டுகளில் நெஞ்சு ஒரு நீலம், முதுகு ஒரு நீலம்.

"பாடம் நடத்துன லட்சணத்தைப் பாருங்க!" சசிகுமார் அவற்றை முதலாளி முன் வீசினார்.

"என் தப்புதானுங்க" என்றாள் பூங்குழலி.

தையல்காரி மயிலாள் மெஷினை நிறுத்தினாள். "ஏனுங் மாஸ்டர், அம்மிணி ஸ்டிக்கரை மாத்துறப்ப தூணுக்கிட்ட நின்னு பார்த்துட்டுத்தான இருந்தீங்க? சாயங்காலம் துணியை எங்கிட்டக் குடுத்ததும் நீங்கதான? ஒரு வார்த்தை சொல்லலையே?"

சசிகுமார் மறுக்கவில்லை. "நானெதுக்குச் சொல்லோணும்? படிச்சவங்களுக்குத் தெரியாதா?"

பூங்குழலி முதலாளியைப் பார்த்தாள். ஷிப்மென்ட் நேரம், கட்டிங் மாஸ்டர் போனால் வேறு ஆள் கிடைக்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், சசிகுமாருக்கு நன்றாகவே தெரியும்.

"வகுப்பு வேண்டாம் அம்மிணி" என்றார் சென்னியப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை காலை ஷிப்டில் பூங்குழலி மறுபடி செக்கிங் மேஜைக்குப் போகிறாள்.