எஸ்தர் ஏறாத சைடு கார்

காலை ஐந்தரை மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம், நானும் என் கணவர் சந்திரனும். செங்கல்பட்டில் இறங்கி உத்திரமேரூர் பேருந்தில் உட்கார்ந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். தை மாதக் கடைசி. வழியெல்லாம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், மீதிப் பாதியில் எங்கள் பேருந்து போனது.

நாங்கள் போனது ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்க்க. சந்திரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்றாண்டு ஆகிறது. அவருடைய அப்பா ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே உறை போட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே போன்ற பழைய வண்டிக்காரர்கள் சிலருடன் கடற்கரைச் சாலையில் போய்வருவார். அந்த நண்பர்களில் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய காணொளியில்தான் ஞானசேகரைப் பார்த்தோம். உத்திரமேரூரைத் தாண்டி, பெருநகர் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு சிறு கிராமத்தில், நூறு சிசி என்ஜின் ஒன்றை வைத்து, எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன் காலத்து வண்டியைப் போலவே ஒன்றைச் செய்து, அதற்கு இடப் பக்கத்தில் ஆள் உட்காரும் சைடு காரும் கட்டியிருந்தார். சந்திரன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். சனிக்கிழமை தங்கை கல்யாணம், வண்டி அன்றைக்கு வெளியே வரும், கட்டாயம் வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஞானசேகர் சொல்லிவிட்டார்.

ஏழரை மணிக்கு உத்திரமேரூர். அங்கிருந்து டவுன் பஸ். எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்குப் பத்து ரூபாய். நிறுத்தத்தில் ஞானசேகரே வந்து நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வெல்டர். வண்டி செய்வதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். முன்னால் செய்த இரண்டில் ஒன்றை நெடுஞ்சாலை ஓட்டல்காரர் வாசலில் நிறுத்த வாங்கிப் போனாராம், இன்னொன்றைப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர். மூன்றாவதுதான் இது.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கு அடியில் வண்டி நின்றது. கறுப்பு நிறம், டேங்க்கில் பொன்வண்ணக் கோடு. குழாய்க் கடையில் கிடைக்கும் இரும்புப் பைப்பில் மணலை நிரப்பிச் சூடு காட்டி வளைத்துச் சட்டம் செய்திருந்தார். சைடு கார் தார் டிரம்மின் தகடு. முகப்பு விளக்கு ஒரு பழைய டிராக்டருடையது. சக்கரங்கள் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டியின் சக்கரங்கள் என்று அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. சைடு காரின் விளிம்பைச் சுற்றிக் கோழிக்கொண்டைப் பூவும் வெள்ளைச் சாமந்தியும் கட்டியிருந்தது. உள்ளே புது மெத்தை. பதினொரு மணிக்குக் கல்யாணப் பெண், தங்கை எஸ்தர், அதில் உட்கார்ந்து மாதா கோயிலுக்குப் போக வேண்டும்.

நாஷ்டா சாப்பிடும்போது ஞானசேகரின் மனைவி செல்வி அந்தச் சைடு காரின் கதையைச் சொன்னார். எஸ்தர் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளை நல்ல பையன், ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய மாமாதான் பையனுக்குப் புது பைக் ஒன்று போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எஸ்தர் முடியவே முடியாது என்று நின்றுவிட்டாள். மாமாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதற்குப் பிறகுதான் ஞானசேகர், தங்கையைத் தன் கையால் செய்த வண்டியில் வைத்துக் கோயில் வாசலில் இறக்குவேன் என்று சொல்லி, எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் தகரக் கூரைக்குக் கீழேயே கிடந்திருக்கிறார்.

இதையெல்லாம் சந்திரனும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்பது மணி இருக்கும். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஞானசேகர் ஒரு நொடி பூவைப் பார்த்தார். பிறகு சரி என்றார். வண்டிக்குப் பதிவு கிடையாது, தெருவோடு சரி, தார் ரோடு முனைவரை போய்த் திரும்பிவிடுங்கள் என்றார். கிளம்பும்போது கூடவே நாலு எட்டு நடந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"சைடு காரு காலியா கீது சார். எடப் பக்கம் திரும்பும்போது மட்டும் மெதுவா. இல்லன்னா தூக்கிடும்."

"முப்பது வருஷமா ஓட்டறேன்ப்பா" என்றார் சந்திரன்.

வாசலில் நின்றால் தார் ரோடுவரை தெரியும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பின்னால் மீன்வாலைப் போல விரித்த சைலென்சரிலிருந்து அழகான சத்தம் வந்தது. முனைக்குப் போனவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டி, இடப் பக்கமாகத் தார் ரோட்டில் ஏறினார். சைடு காரின் சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியதை நான் பார்த்தேன். அடுத்த கணம் வண்டி சாலையைக் குறுக்கே கடந்து வாய்க்காலைத் தாண்டி, அடுத்த நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வயலுக்குள் போய்க் கவிழ்ந்தது.

ஓடினோம். சந்திரன் சேற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை பின்னால் மடங்கி என்ஜினை இடித்துக்கொண்டிருந்தது. முன்சக்கரம் கோணிவிட்டது. சைடு கார் ஒரு பக்கப் பற்றவைப்பு விட்டு வாயைப் பிளந்திருந்தது. பூவெல்லாம் சேற்றில்.

"பிரேக் பிடிக்கலப்பா" என்றார் சந்திரன். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

ஞானசேகர் இரண்டு பேரை வைத்து வண்டியை நிமிர்த்தினார். பின்சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு மறு கையால் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் சட்டென்று நின்றது. நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்து, இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டார்கள்.

"பிரேக்குதான். நான்தான் சரியா பாக்காம குடுத்துட்டேன்" என்றார் அவர். "சாருக்கு ஒண்ணும் ஆவல. அதான் பெருசு."

சந்திரன் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

அவர் வயலோரத்துப் பம்புசெட் கொட்டகையில் கை கால் கழுவப் போனபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஞானசேகரைக் கேட்டேன்.

"நம்பிக்கினு நம்ம வூட்டுக்கு வந்தவரும்மா. அத்தினி பேரு நடுவுல அவர இன்னான்னு கேக்கறது?"

பெருநகரிலிருந்து ஒரு நண்பர் கேஸ் சிலிண்டரோடு வந்தார். கவையைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தப் பார்த்தார்கள். வளைவு நிமிர்ந்தது, ஆனால் பக்கத்திலேயே விரிசல் விட்டது. கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஞானசேகர் முட்டிபோட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்திரனை ஓரமாக அழைத்துப் போனேன். நீங்களே சொல்லிவிடுங்கள், சொன்னால் முடிந்துபோகும் என்றேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, கல்யாண வீட்டில் போய் எதற்குக் குழப்பம் என்றார். முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த மனிதரை அந்த வேப்பமரத்தடியில் எனக்கு நிமிர்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்தரைக்கு எஸ்தர் வெள்ளைச் சேலையும் தலையில் வலை முக்காடுமாக வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். அண்ணன் தோளில் கை வைத்து, "கூப்புடு தூரந்தானண்ணா. நடந்தே போவலாம், எழுந்திரு" என்றாள்.

அரைக் கிலோமீட்டர் இருக்கும். வெயில் ஏறியிருந்தது. ஞானசேகர் குடை பிடிக்க, தோழிகள் சேலை நுனியைத் தூக்கிப் பிடிக்க, பொன்வண்ணச் செருப்பில் புழுதி படிய அவள் நடந்தாள். பின்னால் நாங்கள் இருவரும் விருந்தாளிகளாக நடந்தோம். எங்களுக்கும் யாரோ ஒரு குடை கொடுத்தார்கள்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் மாமா காத்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது.

"ஓடற வண்டி ஒண்ணு கேட்டோம். ஓடாத வண்டி ஒண்ணு செஞ்சி, அதையும் கவுத்துட்டு வந்து நிக்கிறாங்க" என்றார் பக்கத்தில் நின்றவர்களிடம். சிலர் சிரித்தார்கள். "பொண்ணு ஏறல, தப்பிச்சா. பிரேக்கு இல்லாத வண்டிய எவனாவது கல்யாணத்துக்குக் கொண்டாருவானா?"

ஞானசேகர் தலை குனிந்தபடி குடையை மடக்கினார். நான் சந்திரனைப் பார்த்தேன். காத்திருந்தேன். அவர் கோபுரத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் சரியாத்தான் இருந்துது" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "வண்டிய ஓட்டினது இவர்தான். மெதுவா போகச் சொல்லியும் வேகமா போனார்."

மாமா என்னைப் பார்த்தார். அவர் முகம் மரியாதையாக மாறிவிட்டது.

"அம்மாவுக்குப் பெரிய மனசு. சாப்பிட வந்த எடத்துல பழிய அவங்க மேல போட்டுக்குறாங்க பாரு" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். "மெட்ராஸ்காரங்க மெட்ராஸ்காரங்கதான்."

சந்திரன் கை கூப்பினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். மணி அடித்தது, எல்லாரும் உள்ளே போனோம்.

ஒரு மணிக்குப் பந்தி. எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பிரியாணிக்குப் பிறகு பாயசம் ஊற்றும்போது மாப்பிள்ளையோடு எஸ்தர் ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். எங்களிடம் நின்றாள். சந்திரனின் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, சுத்தமாகக் கழுவினீர்களா, ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸாகச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கண்ணன் வண்டில பிரேக்கு புடிக்கும் சார்."

அவ்வளவுதான். நல்லா சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சந்திரன் இலையை மூடினார். பாயசம் அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு ஞானசேகர் நிறுத்தம்வரை கூட வந்தார். கையில் எங்களுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். உங்களுக்குத்தான் இன்னிக்குப் பேஜாராப் போச்சு, மனசுல வெச்சிக்காதீங்க சார் என்று அவர் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லப்பா என்றார் சந்திரன். இன்னும் வராத பேருந்தின் திசையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையசைக்க முடியவில்லை.

செங்கல்பட்டுவரை பிரியாணிப் பொட்டலம் என் மடியிலேயே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய வண்டி நண்பர்கள் நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி ஓடும், யாரும் குடை பிடிக்கத் தேவையில்லை. உத்திரமேரூர் போனீங்களே, எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டார்.

"அருமையா பண்ணிருக்கான்ப்பா. வேலைப்பாடு எல்லாம் பிரமாதம்" என்றார் சந்திரன். "ஆனா லோக்கல் ஆளுங்கதானே. பிரேக்ல கோட்டை விட்டுட்டான்."

நான் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். தட்டை மேசைமேல் வைத்தேன்.

"பிரேக் சரியாத்தான் இருந்துது. இவர்தான் வயல்ல கொண்டுபோய் விட்டார். அந்தப் பொண்ணு வெயில்ல நடந்து போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா" என்றேன்.

இங்கே யாரும் எனக்குப் பெரிய மனசு என்று சொல்லவில்லை. நான்கு பேரும் காபியை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சந்திரன் மட்டும் என்னைப் பார்த்தார்.