கயிற்று நுனியும் தலையணை உறையும்

பெருநாளுக்கு முந்திய வாரம் மதினி ஒரு பையைக் கொண்டுவந்து, தையல் மெசினுக்கு முன்னால் இருந்த என் மடியில் வைத்தார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் ராத்தா, அவருக்கு மூத்தவர். பைக்குள் கட்டாரிலிருந்து அவருடைய மகள் அனுப்பிய துணி, மாதுளை முத்தின் நிறம். கையில் எடுத்தால் மீன் போல வழுக்கியது. ஒரு நீளக் கவுன் வேண்டுமாம்.

"கடையில குடுக்க ஏலா புள்ள. அந்த டெய்லர் என்ட சுத்தளவ ரோட்டுக்கே கேக்க வாசிக்கிறான்," என்றார்.

வெட்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கத்தரி பட்ட இடமெல்லாம் நூல் கழன்று விழுந்தது. பருத்தி என்றால் ஓரத்தை இரண்டு தரம் மடித்து அடித்துவிடுவேன், பிசிர் உள்ளே போய்விடும். இந்தத் துணியோ மதினியின் உடம்புக்கு மட்டுமட்டு. மடிப்புக்கு இடம் விட்டால் கவுன் இறுகும். விடாவிட்டால் தையல் வரைக்கும் நூல் கழன்று, பெருநாளன்று ஆட்களுக்கு முன்னால் தோள் பிரிந்துவிடும். ஓரத்துப் பிசிரை நூலால் மூடி அடிக்கிற மெசின் நுரைச்சோலையில் ஒரு கடையில் இருக்கிறது. அங்கே ஆண்பிள்ளைகள் வரிசையாக இருந்து தைக்கிறார்கள். அப்படி ஒரு கடைவாசலில் போய் நின்று கேட்க எனக்கு இந்த வயதிலும் கால் வராது. வீட்டுக்காரரை அனுப்பலாம் என்றால், முழங்கால்.

முழங்கால்தான் அப்போது எங்கள் வீட்டில் பெரிய கதை. இனிக் கடலுக்குப் போகவேண்டாம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து அவர் வாசலில் கதிரையைப் போட்டு, போகிற போட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சோறு வைத்தால், "உழைக்காதவனுக்கு ரெண்டு துண்டு மீன் என்னத்துக்கு," என்று ஒரு துண்டை என் பக்கம் தள்ளுவார். பகிடி மாதிரித்தான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

நான் துணியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து எழும்பி வந்தார்.

"இது நைலோன் சாதிதானே?"

"அப்படித்தான் போல."

"அப்ப நெருப்புக்குக் கேக்கும். இஞ்ச தா."

கடலுக்குப் போகிறவர்கள் நைலோன் வலைக்கயிற்றை அறுத்தால், நுனி பிரியாமல் இருக்க லைட்டரால் சுடுவார்கள். உருகியதும் எச்சில் தொட்ட விரலால் ஒரு உருட்டு உருட்டிவிட்டால் குமிழ் போல இறுகிவிடும். முதலில் ஒரு வெட்டுத் துண்டில் செய்து காட்டினார். இழுத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட வரவில்லை. பிறகு கழுத்து, தோள், பக்கம் என்று எல்லா ஓரத்தையும் ஒரு பகல் முழுக்க இருந்து சுட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, ஊதி, உருட்டினார். கடலை ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் நானும் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்க மறந்துபோனேன்.

தைத்து முடித்ததும் மதினி போட்டுப் பார்க்க வந்தார். அறைக்குள் போனவர் கழுத்தைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இதென்ன புள்ள, சூடை மீன் முள்ளயா உள்ளுக்கு வெச்சித் தெச்சிருக்கிறா? குத்துது."

என் வீட்டுக்காரர் லைட்டரை மெல்ல இடுப்புச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டார். முகம் கீழே போய்விட்டது.

நாலு பேர் இருக்கிற இடத்தில் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எப்படியோ வாய் வந்தது. "வேல முடியல்ல மதினி. அவர்ட பாதி முடிஞ்சி. என்ட பாதிதான் மிச்சம்."

சொன்னதைப் பொய்யாக்காமல் இருக்கவேண்டுமே. சுட்டதை வெட்டி எறிந்தால் துணியும் போதாது, சுட்டவரின் முகத்தையும் என்னால் பார்க்க முடியாது. கழுவிக் கழுவிப் பஞ்சு மாதிரிப் போயிருந்த ஒரு தலையணை உறையை எடுத்தேன். இழுபட்டு வளையும்படி அதை மூலைவாட்டில் பட்டிகளாக வெட்டி, சுட்ட ஓரத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மூடித் தைத்தேன். வழுக்குத் துணிக்கு இப்படிப் பட்டி வைத்தால் உள்ளே நூல் உதிர்ந்து பட்டி வெறுமையாகக் கழன்று வரும். இது வரவில்லை. அவர் உருட்டிய குமிழ்கள் பட்டியைப் பிடித்துக்கொண்டன.

பெருநாளன்று பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மதினி கழுத்தை வெளியே புரட்டிக் காட்டினார். "உள்ளுக்கு என்ட தம்பி சுட்டது. மேல இவ மூடினது."

"சுட்டதா? அதென்ன, ரொட்டியா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். வீட்டுக்காரர் அடுத்த அறையில் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும்.

பகல் சோற்றுக்கு இறைச்சி வைத்தேன். ஒரு துண்டைத் தள்ளுவார் என்று பார்த்தேன். சோற்றுக் கோப்பையை நீட்டினார்.

"இன்னம் கொஞ்சம் போடு. வேல செய்ற மனிசன்."

இப்போது என்ன துணி வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். ஒரு நூலை உருவிச் சுட்டு மணந்து பார்ப்பார். கடதாசி எரிந்த மணம் என்றால் பருத்தி, என்னிடம் தருவார். பிளாஸ்டிக் மணம் என்றால் அது அவருடைய வேலை, தரமாட்டார்.